மூன்று நாட்டு பீரும் என் மகள் கையும்

பீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டால் அதன் ருசி தெரியாதாம். விழுங்கினால்தான், கசப்பு தொண்டையில் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சொல்ல முடியுமாம். ஒயின் ருசி பார்ப்பவர்கள் துப்பலாம், பீர்க்காரர்கள் துப்பக் கூடாது. என் மகள் சுகன்யா ஜெர்மனியிலிருந்து போனில் இதைச் சர்வசாதாரணமாகச் சொன்னாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "அப்போ தினமுமா?" என்று கேட்டேன். "தினமும்தாம்மா, அதுதான வேல" என்றாள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் விமானம் ஏறினேன்.

நான் சாலவாக்கம் வட்டாரத்தில் கிராமச் சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, நர்ஸம்மா என்றால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில்கூட வழி காட்டுவார்கள். என் கணவர் ஏழுமலை கல் குவாரியில் லாரி ஓட்டினார். குடித்தே செத்தார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பல வருடம் காலையில் அவரால் காபி டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியாது, அவ்வளவு நடுக்கம். கொஞ்சம் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். கடைசி மாதங்களில் நான் அவரைக் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பேன். போலீஸ்காரர் வண்டியை மறிப்பது போல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்க வேண்டும். ஈரல் கெட்டவர்களுக்கு விரல்கள் தாமாகவே அடித்துக்கொள்ளும். அவருக்கு அடித்துக்கொண்டன. சுகன்யா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

உணவுத் தொழில்நுட்பம் படித்தாள், மேல்படிப்புக்குப் போனாள், அங்கேயே ஒரு கிராமத்து பீர் ஆலையில் சேர்ந்துவிட்டாள். என்னிடம் எதையும் மறைக்கவில்லை. நான்தான் ஊரில் "சாப்பாட்டுக் கம்பெனி" என்று சொல்லி வைத்தேன். பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். இவள் பாலும் காய்ச்சவில்லையே.

எங்கள் பக்கம் குடியை விட நினைக்கிறவர்கள் அம்மன் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். மஞ்சள் தடவிய கயிறு, சூடத்தின்மேல் சத்தியம். கெடு முடியும்வரை தொடக் கூடாது, தொட்டால் அம்மன் கேட்பாள். என் கணவருக்கு நானே பலமுறை கூட்டிப்போய்க் கட்டியிருக்கிறேன். இந்த முறை நான் தனியாகப் போய் நின்றதும் பூசாரி நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கு நர்ஸம்மா?"

"என் பொண்ணுக்கு."

அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். "பொம்பளப் புள்ளைக்கு நான் கட்னதே இல்லியேமா. குடிக்குதா அது?"

"தெரியல. அதப் பாக்கத்தான் போறேன்."

"ஆளு வராம கவுறு குடுக்கக் கூடாது. நீ கேக்குறியேன்னு குடுக்குறேன். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சிக்கோ. புடிச்சி வெச்சிக் கட்னா கட்டு நிக்காது. அது ஒத்துக்கினா மட்டும் கட்டு."

துணியில் முடிந்து கைப்பையில் வைத்துக்கொண்டேன். புளிக்காய்ச்சலும் இட்லிப் பொடியும் பெட்டிக்குள் போயின.

சுகன்யா இருப்பது பாம்பெர்க் என்கிற ஊருக்கு வெளியே ஒரு கிராமம். எங்கள் பக்கம் ஊருக்கு ஓர் ஏரி இருப்பது போல அங்கே ஊருக்கு ஒரு பீர் ஆலை. சர்ச், ரொட்டிக் கடை, ஆலை, தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகை, அவ்வளவுதான் ஊர். மார்ச் மாதம் என்றாலும் குளிர் எலும்பைத் தொட்டது. ஆலை முதலாளி கார்ல் எழுபதை நெருங்கியவர். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். "பெரிய தொட்டிக்குள்ள எறங்கிக் கழுவுறது இப்ப நான்தானாம், அவரு முட்டி பொயச்சிக்கிச்சாம்" என்று சுகன்யா மொழிபெயர்த்தாள். பெற்றவளுக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் நான் அவள் கண்ணின் வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் இல்லை.

மறுநாள் ஆலையைச் சுற்றிக் காட்டினாள். விதை நெல்லுக்கு நாம் செய்வதைத்தான் அவர்கள் வாற்கோதுமைக்குச் செய்கிறார்கள். ஊற வைத்து, தண்ணீரை வடித்து, முளை எட்டிப் பார்க்கும்வரை கிளறிவிட்டுக் காத்திருக்கிறார்கள். நாம் அதை நாற்றங்காலில் விடுவோம். அவர்கள் சூடு காட்டி முளையைச் சாகடித்துவிடுகிறார்கள். முளைக்கும் தானியம் தன் மாவைச் சர்க்கரையாக்கத் தயாராகுமாம், அந்த இனிப்பு பயிருக்குப் போகும் முன் நாம் எடுத்துக்கொள்வதுதான் இந்தத் தொழில் என்றாள். பச்சை முளையைக் கிள்ளி வாயில் போட்டேன். இனித்தது.

அந்த ஊர்ப் பக்கத்துக்கே உரிய பீர் ஒன்று உண்டு. முளைத்த தானியத்தை விறகுப் புகையில் காய வைப்பதால் பீரிலும் புகை ஏறிவிடுகிறது. நான் குடிப்பதில்லை, குடிக்கப்போவதும் இல்லை. மூக்குக்கு யாரும் தடை போடவில்லையே. மோந்து பார்த்தேன். விறகடுப்பில் கருவாடு சுட்ட வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இன்னொன்று கோதுமை பீர், கலங்கலாக, வாழைப்பழமும் கிராம்பும் மணத்தது. இரண்டையும் யாரும் போடவில்லை, எல்லாம் நொதிக்கவைக்கும் ஈஸ்ட் செய்யும் வேலை. தண்ணீர், தானியம், கசப்புக்கு ஹாப் என்கிற கொடியின் பூ, ஈஸ்ட். இவை தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்று அங்கே நெடுங்காலமாகக் கட்டுப்பாடு இருக்கிறதாம். "கொஞ்சம் அரிசி போட்டால்?" என்று கேட்டேன். பெருமாள் கோயில் புளியோதரையில் முட்டை போடலாமா என்று கேட்டதைப் போல கார்ல் என்னைப் பார்த்தார்.

காலையில் அவள் ருசி பார்ப்பதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். தொட்டியின் சின்னக் குழாயைத் திருகி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடிக்கிறாள். வெளிச்சத்தில் பார்க்கிறாள், மோக்கிறாள், ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, விழுங்குகிறாள். இருமல் மருந்து மூடியில் ஊற்றுவோமே, அந்த அளவுதான். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டுகிறாள். பிறகு அடுத்த தொட்டி. ஒவ்வொரு முறை அவள் தொண்டை ஏறி இறங்கும்போதும் நான் ஒரு விரலை மடக்கினேன். தொட்டிகள் வரிசையாக நின்றன.

அன்று மதியம் ஆலையோடு சேர்ந்த உணவுக்கூடத்தில் சாப்பிட்டோம். உருளைக்கிழங்கில் உருட்டிய பெரிய உருண்டை ஒன்று, பூரணம் வைக்க மறந்த கொழுக்கட்டை போல. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். அப்பா பீர் குடிக்க, அம்மா பாதி பீரில் எலுமிச்சைச் சோடா கலந்து குடிக்க, குழந்தை உருளைக்கிழங்கு தின்றது. யாருக்கும் அவசரமில்லை. எங்கள் ஊர்க் கடையில் பீர் கேட்பவனுக்கு இரண்டே கேள்விதான், ஸ்ட்ராங்கா, கூலிங் இருக்கா. வாங்கிக்கொண்டு வரப்போரம் போய், பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, நின்றபடியே இறக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவான். எங்கள் ஊரில் குடி ஒளிந்துகொள்கிறது, அங்கே குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கிறது. எது நல்லது என்று சொல்ல நான் யார்? உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவாவது முடிகிறது.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு நான் வீட்டைச் சோதனை போட்டேன். இந்த வேலையில் எனக்கு அனுபவம் உண்டு. அரிசி டிரம்முக்குள், மோட்டார் கொட்டகைக் கூரையில், வைக்கோல் போருக்குள் என்று என் கணவர் ஒளித்துவைக்காத இடமில்லை. சுகன்யா வீட்டில் அரிசி டப்பாவில் அரிசிதான் இருந்தது. பால்கனிக் கதவைத் திறந்தேன். ஒன்றின்மேல் ஒன்றாகப் பெட்டிகள், பெட்டி நிறையக் காலிக் கண்ணாடிப் பாட்டில்கள்.

ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. மறுபடி மோந்தேன். அப்போது பின்னால் நிழலாடியது. மதியச் சாப்பாட்டுக்கு வந்த சுகன்யா.

"இன்னாமா பண்ணிக்கினு கீற?"

"இல்ல... இவ்ளோ பாட்டிலு..."

"சோடா வாங்குன பாட்டிலும்மா அது. இங்க குடிக்கிறதுக்கு அதான் வாங்குவாங்க. காலி பாட்டில திருப்பிக் குடுக்கணும், அதான் சேத்து வெச்சிகீறேன்."

புளிக்காய்ச்சல் போட்டுச் சோறு பிசைந்து கொடுத்தேன், சாப்பிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை செக் நாட்டுக்குக் கிளம்பினோம். பில்சன் என்னும் ஊரில் அவளுக்கு ஏதோ பயிற்சி வகுப்பு, என்னையும் கூட்டிக்கொண்டாள். வழியில் ரயிலிலேயே கழிவறையைத் தேடி இரண்டு பெட்டி தள்ளிப் போனேன். திரும்பி வந்தால் சுகன்யாவும் இல்லை, அவள் உட்கார்ந்திருந்த பெட்டியும் இல்லை. அந்த ஊரில் ஒரே ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு திசையில் போகுமாம். ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள், ஜெர்மன் மொழியில். உத்திரமேரூர் டவுன் பஸ் எவ்வளவோ தொல்லை கொடுத்திருக்கிறது, பாதி பஸ் வேறு ஊருக்குப் போனதில்லை.

அடுத்து வந்த சின்ன ஸ்டேஷனில் இறங்கினேன். அங்கே காபிக்கடை வைத்திருந்த துருக்கிக்காரப் பெண்மணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே வகுப்பில் ஃபெயில் ஆனவை, அதனால் நன்றாகவே புரிந்தது. என் போன் அங்கே எடுக்காது, நான் சொன்ன எண்ணுக்குத் தன் போனிலிருந்து கூப்பிட்டு, சுகன்யா பேசியதும் கொடுத்தாள். "அங்கியே குந்திக்கினு இரும்மா, எங்கியும் பூடாத" என்று மகள் கத்தினாள்.

உட்கார்ந்திருந்தேன். எதிர்ப் பெஞ்சில் இரண்டு ஆண்கள், கையில் பீர் டின். இன்னும் வெயில்கூடச் சரியாக ஏறவில்லை. ஒருவர் டின்னை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் வாய்க்குக் கொண்டுபோனார். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. கால் வீங்கி, ஷூவின் கயிற்றை அவிழ்த்து விட்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்ட கடைக்காரப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். என் மகனுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நல்ல மனிதர்."

நல்ல மனிதர் என்றுதான் எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து குடிக்கிற நாட்டில் இந்த வியாதி இருக்காது என்று அந்த உணவுக்கூடத்தில் ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். நாடு வேறு, பீர் வேறு, அந்தக் கை மட்டும் என் வீட்டில் பார்த்த அதே கைதான். சுகன்யா திரும்பும் ரயிலில் வந்து இறங்கி, ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "எங்க பூட்ட? உசிரே பூடுச்சிம்மா" என்றாள். அவள் தோள் வழியே நான் அந்த வாத்தியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பில்சனில் பீர் பொன்னிறம். இன்று உலகம் முழுக்க, எங்கள் ஊர்க் கடை உட்பட, வெளிர் மஞ்சளில் நுரையோடு விற்பதற்கெல்லாம் மூத்தது இந்த ஊர் பீர்தான் என்றாள் சுகன்யா. மோந்தால் புல்வெளியும் ரொட்டியும். கசப்பு எப்படி என்று கேட்டேன். யோசித்து, "வேப்பம்பூ ரசம் மாதிரிம்மா, மொதல்ல தெரியாது, அப்பறமா வரும்" என்றாள். அங்கே நுரையை அழுக்குபோல ஒதுக்குவதில்லை. நுரைக்காகவே குடிக்கிறார்கள். ஒரு கிளாஸ் முழுக்க நுரையை மட்டும் ஊற்றி, அதற்குப் பால் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் கார்ல் மணிக்கணக்கில் பேசியது புகையைப் பற்றி. இங்கே பரிமாறுகிறவர் பேசியது குழாயைத் திருகும் விதத்தைப் பற்றி. பீரைக் காய்ச்சுகிறவன் பாதிதான் செய்கிறான், மீதியை ஊற்றுகிறவன் செய்கிறான் என்றார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையை எடுத்து அதன் வாயை மூட வேண்டும். மூடாதவரை வந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் யாரும் மூடுகிற மாதிரி தெரியவில்லை. சுகன்யாவின் கிளாஸ் காலியாகும் வரை நான் சூப்பில் கரண்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பரிமாறுகிறவர் எங்கள் மேசையை நோக்கி வந்தார். அவள் பேச்சை நிறுத்தாமலேயே அட்டையை எடுத்து மூடினாள். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. விருந்தாளி எதிரில் என் கணவரும் ஒன்றோடு நிறுத்துவார். ஊரே அவரைக் கட்டுப்பாடான மனிதர் என்றது.

பெல்ஜியத்துக்குப் போனது கடைசி நாட்களில். பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பழைய ஆலை, சுகன்யாவுக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நடத்துகிறவர் மார்த்தா என்ற அம்மாள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எங்களைப் பரணுக்கு ஏற்றினாள். அங்கே அகலமான, ஆழமில்லாத செம்புத் தொட்டி. சூடான தானியச் சாற்றை இதில் ஊற்றி, ஜன்னலைத் திறந்து போட்டுவிடுவார்களாம். ஈஸ்ட் போடுவதில்லை. மூலையில் ஒட்டடை தொங்கியது, அதை அடிக்கவும் மாட்டார்களாம்.

மார்த்தா சொன்னதைச் சுகன்யா தமிழில் சொன்னாள்: "நாங்கள் சாறு காய்ச்சுவதோடு சரி. அதைப் பீராக்குவது இந்த ஊர்க் காற்று. இந்தக் கூரையை மாற்றினால்கூடப் பீர் மாறிவிடும் என்று பயம்."

எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஆடி மாதம் கேழ்வரகு மாவைக் கரைத்து மூடி வைத்தால் காலையில் புளித்திருக்கிறது. யார் என்ன போட்டார்கள்? ஒவ்வொரு வீட்டுக் கூழுக்கும் ஒவ்வொரு புளிப்பு. கோயிலுக்குக் கொண்டுபோய் எல்லா வீட்டுக் கூழையும் ஒரே கொப்பரையில் ஊற்றிக் கலப்போம், கலந்த பிறகுதான் அது அம்மன் கூழ். இதைச் சொன்னதும் மார்த்தா என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போனாள். பீப்பாய்கள் வரிசையாகக் கிடந்தன. ஒரு வருடத்தது, இரண்டு வருடத்தது, மூன்று வருடத்தது. இவற்றைக் கலந்தால்தான் அவர்கள் பீர். மோந்தேன். எலுமிச்சையும், மழையில் நனைந்த மாட்டுக் கொட்டகையும். அதைச் சொன்னபோது மார்த்தா கோபிக்கவில்லை, சந்தோஷப்பட்டாள். அந்த வாசனைக்காகத்தான் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்களாம்.

பீப்பாய் பீப்பாயாக ஊற்றிக் கொடுத்தாள். சுகன்யா விழுங்கினாள். அடுத்தது. அதையும் விழுங்கினாள். இங்கே மிச்சத்தைக் கொட்டவில்லை, வீணாக்கினால் மார்த்தாவுக்கு மனது கஷ்டப்படும். மார்த்தா ஏதோ சொல்ல, சுகன்யா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என்னை அடித்துப் போட்டுவிட்டது. அது அவள் அப்பாவின் சிரிப்பு. முதல் கிளாஸில் அவர் அப்படித்தான் சிரிப்பார். முதல் கிளாஸில் அவரைப் போல ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. பாடுவார், எனக்குப் பூ வாங்கி வருவார், குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொள்வார். அந்த முதல் கிளாஸ் மனிதருக்காகத்தான் மற்ற கிளாஸ்களை எல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் ஒரு மரப் பெஞ்சு. மதிய வெயில் இருந்தது, அதில் சூடு இல்லை. நான் கைப்பையைத் திறந்து துணி முடிப்பை எடுத்தேன்.

"சுகு, கையக் குடு."

"எதுக்கு?" என்றவள், முடிப்பைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். அதைப் பார்த்து வளர்ந்தவள்தானே. "பாட்டில மோந்து பாத்தப்பவே நெனச்சேன். இதுக்குத்தான் வந்தியா?"

"ஆமா."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அப்பாவுக்கு எத்தினி தபா கட்டிகீற?"

"கணக்கு வெச்சிக்கல."

"ஒவ்வொரு தபாவும் ஒடனே கைய நீட்டினாரு இல்ல? ஏன் தெரிமா? அறுத்துக்கலாம்னு அவுருக்குத் தெரியும். நான் கட்டிக்கினா அறுக்க மாட்டேம்மா. நான் ஒன் பொண்ணு. திங்கக்கெயம கார்ல் கிட்ட சொல்லிட்டு, வேலைய வுட்டுட்டு, ஒன்கூட ஊருக்கு வந்துடுவேன். சத்தியமா வந்துடுவேன். அயுவேன், ஆனா வந்துடுவேன். கட்டு."

கோட்டின் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டாள். பிறகு, "இரு. கட்றதுக்கு முன்னாடி ஒரு தபா நர்ஸம்மாவா பாரு" என்று சொல்லி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கினாள். போலீஸ்காரர் வண்டியை மறிப்பது போல. நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பஸ்ஸுக்கு நின்ற ஒரு வயதான தம்பதி எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்த்தேன். விரல்கள் அசையவில்லை. ஈரல் கெட்டவர்களுக்குச் சிவக்கும் உள்ளங்கை, இவளுக்குச் சிவந்திருக்கவில்லை. அந்தக் கை சுவரில் அடித்த ஆணியைப் போல நின்றது. கொஞ்சம் உள்ளே போயிருந்தால் அவள் அப்பா கையும் நிற்கும்தான்.

"தெனம் எயுந்ததும் மொதல்ல இப்டித்தாம்மா பாத்துக்குறேன். பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி. அப்பறம் கண்ணாடில கண்ணு. ஞாயித்துக்கெயம ஒரு சொட்டு தொட மாட்டேன், தொடாம இருக்க முடியுதான்னு பாக்க. ஒனக்கு மட்டுந்தான் பயமா? எனக்குள்ள ஓடுறது அவரு ரத்தம்."

"அப்பறம் ஏண்டி இந்த வேல? வேற எதுவும் கெடைக்கலியா ஒனக்கு?"

"புடிச்சிகீதும்மா" என்றாள். கண் நிறைந்திருந்தது. "அப்பாவுக்கு அதுல இன்னா கெடைச்சிதுன்னு தெரிஞ்சிக்கத்தான் படிக்கப் போனேன். அது தெரியல. ஆனா இந்தக் காய்ச்சுறது, முளை வர்றதுக்குக் காத்துக்கினு இருக்கிறது, மோந்து பாத்தே எந்தத் தொட்டின்னு சொல்றது, இதுலாம் எனக்கு வருதும்மா. எனக்கு நல்லா வர்றது இது ஒண்ணுதான்."

கயிறு என் கையில் இருந்தது. பிடித்து வைத்துக் கட்டினால் நிற்காது என்றார் பூசாரி. இவளை யாரும் பிடித்து வைக்கவில்லை, தானாகவே நீட்டினாள். கட்டினால் நிற்கும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் கணவர் கையில் கட்டிய கயிறு எதையும் நிறுத்தவில்லை, இவள் கையில் கட்டினால் எல்லாம் நின்றுவிடும். பயம் என்னுடையது. அதற்கு மருந்தை அவள் கையில் கட்டப் பார்க்கிறேன். எத்தனையோ பேருக்கு ஊசி போட்டவள் நான், வியாதி இல்லாத கையில் ஒருநாளும் போட்டதில்லை.

கோட்டின் கையை இறக்கிவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சுகன்யா முடிப்பை என் விரல்களிலிருந்து மெல்ல எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "எங்கிட்டயே இருக்கட்டும். தேவைப்பட்டா நானே ஒன்னக் கூப்புடுவேன்" என்றாள். பஸ் வந்தது. அந்த வயதான தம்பதி எனக்கு ஜன்னல் ஓரத்து இடத்தை விட்டுக் கொடுத்தார்கள்.

ஊருக்கு வந்த மறுவாரம் பூசாரி கேட்டார், "கட்டிட்டியாமா?"

"குடுத்துட்டு வந்தேன்."

"குடுத்துட்டியா? அது இன்னா கணக்குமா? ஒண்ணு கட்ணும், இல்லன்னா எடுத்துக்கினு வரணும்."

சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வரும்போது டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டாள். "பீர் காய்ச்சுற ஆலையில" என்றேன். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். திரும்பட்டும்.

அதிலிருந்து தினமும் சுகன்யா வீடியோவில் கூப்பிடுவாள். அவளுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும், நான் இங்கே மதியச் சமையலில் இருப்பேன். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் தொடங்கினாள். முகம் வருவதற்கு முன் கை வரும். போன் எங்கோ சாய்த்து வைக்கப்பட்டிருக்கும், நீட்டிய இரண்டு கைகள் மட்டும் திரையில் தெரியும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் விரலாகப் பார்ப்பேன். "சரி" என்பேன். அதற்குப் பிறகுதான் முகம், பிறகுதான் பேச்சு. சில நாள் வேண்டுமென்றே "சரி" சொல்லக் கொஞ்சம் தாமதிப்பேன், அவள் "சொல்லும்மா" என்று சிணுங்குவாள்.

போன வாரம் ஒருநாள் முதலில் முகம் வந்தது. தலை ஈரம், துண்டு சுற்றியிருந்தாள். கார்ல் அவளைத் தனியாக ஒரு பீர் காய்ச்சச் சொல்லிவிட்டாராம், முழுக்க அவள் கணக்கில், அவள் பெயரில். புகையும் வேண்டாம், கோதுமையும் வேண்டாம், வேப்பம்பூ மாதிரி பின்னால் வரும் கசப்பு வேண்டும் என்றாள். மூச்சு விடாமல் பேசினாள். ஹாப் பூவை எப்போது போடுவது என்று இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டி விளக்கினாள், திரையில் அவை ஓரிடத்தில் நிற்கவில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேதான் இருந்தேன். "சரி, வேலைக்கு நேரமாச்சி, வெக்கிறேம்மா" என்று வைத்துவிட்டாள்.

கையைக் காட்டவில்லை. மறந்துவிட்டாள். காட்டு என்று நாக்கு நுனி வரை வந்ததை நானும் சொல்லவில்லை. திரும்பக் கூப்பிட விரல் அவள் பெயருக்குப் போனது. விரலை எடுத்துவிட்டேன். அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது, எழுந்து போய்க் கஞ்சியை வடித்தேன்.